பிக்கப்பில் டீசலை மிச்சம் பிடிப்பது எப்படி

(ஊர் திரும்பிய குடும்பங்களுக்காக 2012இல் ஆனையிறவில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கூரைத் தகரம், கிணறு துப்புரவாக்கல், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பதிவு எல்லாவற்றையும் மற்றவர்கள் பேசிவிட்டார்கள். எனக்குத் தந்த தலைப்பு, பிக்கப் வாகனத்தில் டீசலை மிச்சம் பிடிப்பது. "எங்களிட்டச் சைக்கிளே இல்லை, பிக்கப்பைப் பற்றி என்ன பேச்சு" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் வாகனம் யாருடையதாக இருந்தாலும் டீசல் காசு உங்களுடையது. முகாமில் இருந்து சாமான் ஏற்றி வந்தபோது கொடுத்த வாடகையில் பெரிய பங்கு டீசலுக்குத்தான் போனது. இனிச் சீமெந்தும் மரமும் கொண்டுவர வேண்டும். நெல்லையும் மீனையும் தேங்காயையும் சந்தைக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் சில்லில்தான் போகும். அண்ணன் தம்பிமார் சேர்ந்து லீசிங்கில் பழைய பிக்கப் எடுத்த குடும்பங்களும் இங்கே இருக்கின்றன. அவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை.

இந்த வருடம் பெப்ரவரியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். 84 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் ஒரே நாளில் 115 ரூபாவாகியது. 71 ரூபா மண்ணெண்ணெய் 106 ஆனது. சிலாபத்தில் மீனவர்கள் வீதிக்கு இறங்கும் அளவுக்கு அது பெரிய அடி. விலையை நாங்கள் குறைக்க முடியாது. ஒரு லீற்றரில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் கூட்டலாம்.

கணக்கைப் பாருங்கள். செட்டிகுளம் முகாமில் இருந்து இங்கே ஏறத்தாழ 120 கிலோமீற்றர், போய்வர 240. வாகனம் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடினால் 24 லீற்றர் வேண்டும். அது 2,760 ரூபா. அதே வாகனம் 8 கிலோமீற்றர்தான் ஓடினால் 30 லீற்றர், 3,450 ரூபா. ஒரு பயணத்தில் 690 ரூபா புகையாகப் போகிறது. வீட்டுக்கென்று உங்களில் பலருக்குக் கிடைத்த கொடுப்பனவு 25,000 ரூபா. அதில் இருந்து 690 ரூபாவை இரண்டு மூன்று தரம் எடுத்தால் எவ்வளவு ஓட்டை என்று நீங்களே சொல்லுங்கள்.

பத்து எட்டாகக் குறைவதற்கு எஞ்சின்தான் காரணம் என்று நினைக்கிறோம். இந்த ஊரில் முதற் காரணம் காற்று.

ஆனையிறவுப் பாதையில் நின்றவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க நான் யார்? இரண்டு பக்கமும் கடல்நீரேரி, நடுவில் வீதி, மறைப்பதற்கு ஒரு மரம் இல்லை. சோளகம் தொடங்கினால் சைக்கிள்காரர் இறங்கி உருட்டுகிற இடம் இது. வாகனமும் அப்படித்தான் காற்றைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறது. தள்ளுகிற செலவு டீசலில் போகிறது. இதில் ஒரு விடயம் முக்கியம்: வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். 60இல் ஓடும் வாகனத்தை 80க்கு ஏற்றினால் தடை ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. வவுனியாவில் இருந்து இங்கே 95 கிலோமீற்றர் அளவு என்று வையுங்கள். முழுத்தூரமும் 80இல் வந்தால் 60இல் வருவதைவிட 24 நிமிடம் முந்தலாம். வீதி வேலை நடக்கிற இடங்களில் நின்று நின்று வருவதால் அந்த 24 நிமிடமும் கைக்கு வராது. டீசல் மட்டும் போய்விடும்.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்காவே இதைத்தான் செய்தது. 1974இல் நாடு முழுவதும் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 88 கிலோமீற்றருக்கு இறக்கியது. பெரிய எஞ்சின் பூட்டிய பெரிய பிக்கப்புகள் ஓடுகிற நாடு அது. பிக்கப்பின் பின்கதவைத் திறந்து விட்டு ஓடினால் காற்று இலகுவாகப் போகும், எரிபொருள் மிஞ்சும் என்று அங்கே பலர் நெடுங்காலம் நம்பினார்கள். சோதித்துப் பார்த்தபோது அது சரிவரவில்லை. பின்கதவு மூடியிருந்தால் பெட்டிக்குள் காற்று ஒரு சுருளாகச் சுழன்றுகொண்டு நிற்கும். மேலால் வரும் காற்று அந்தச் சுருளின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். இங்கேயும் சில தம்பிமார் கதவைக் கழற்றிவிட்டு ஓடுகிறார்கள். பூட்டி விடுங்கோ. சாமானும் விழாது.

வெறும் பெட்டியின் கதை அது. எங்கள் பெட்டி வெறுமையாக ஓடுவதில்லையே. கூரைத் தகரம், கதிரை, சைக்கிள், கோழிக்கூடு என்று தலைக்கு மேலே ஒரு கோபுரம் கட்டிக்கொண்டு வருகிறோம். வாகனத்தின் முன்கூரைக்கு மேலே உயருகிற ஒவ்வொரு சாணும் காற்றைப் பிடிக்கும் பாய்தான். சீமெந்து போன்ற பாரத்தை அடியில், சாரதியின் பெட்டிக்கு அண்டையாக, பின்சில்லுக்கு முன்னால் வையுங்கள். பாரமில்லாததை மேலே வைத்தாலும் முன்கூரையின் மட்டத்துக்குள் அடக்கப் பாருங்கள். தகரத்தை நிமிர்த்திக் கட்ட வேண்டாம். படுக்க வைத்து, முன்நுனி மேலே எழும்பாமல் கயிறு போடுங்கள். எழும்பினால் அடியில் காற்றுப் புகுந்து தகரமும் பறக்கும், பின்னால் வருபவரின் கழுத்தும் போகும். தறப்பாளின் ஓரம் படபடவென்று அடிக்குமானால் அந்தச் சத்தமே டீசல் போகிற சத்தம். மடித்து இறுக்குங்கள். சாமானுக்கு மேலே ஆட்களை, அதுவும் பிள்ளைகளை, இருத்தவே வேண்டாம்.

அடுத்தது ரயர். காற்று இறங்கிய ரயர் வீதியோடு ஒட்டிக்கொண்டு வரும். சைக்கிளில் காற்றில்லாமல் உழக்கிப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. பிக்கப்பில் பின் ரயருக்குப் பாரத்தோடு ஒரு அளவு, வெறுமையாக ஒரு அளவு. பெரும்பாலான வாகனங்களில் சாரதியின் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சிறு தாளில் அது எழுதியிருக்கும். காலையில் ஓடுவதற்கு முன், ரயர் சூடாகாதபோது அளக்க வேண்டும். கையால் தட்டிப் பார்ப்பது அளவு அல்ல.

செம்மண் புழுதியும் உப்புக்காற்றும் இந்த இடத்துக்கே உரியவை. எஞ்சின் மூச்சு விடுகிற காற்று வடிகட்டி புழுதியால் அடைத்தால் டீசல் சரியாக எரியாது, கரும்புகை வரும். ஊரில் கிறவல் வீதியில் ஓடுகிற வாகனத்துக்குப் புத்தகத்தில் போட்டிருக்கிற காலம் பொருந்தாது, அதற்கு முந்தியே கழற்றித் தட்ட வேண்டும். உப்பு பிறேக்கைத் துருப்பிடிக்க வைத்து விடாமல் உரச வைக்கும். கொஞ்சத்தூரம் ஓடி நிறுத்தியபின் நான்கு சில்லுக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அனல் அடித்தால் அங்கே பிறேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பிறேக்கைப் போட்டுக்கொண்டே ஓடுகிறீர்கள்.

ஓட்டுகிற தம்பிமாருக்கு இரண்டு சொல். இறக்கம் கண்டவுடன் நியூட்ரலுக்குத் தட்டுகிற பழக்கம் வேண்டாம். கியரில் வைத்தபடி அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தாலே டீசல் போவது வெட்டுப்படும், பழைய எஞ்சினிலும் புதியதிலும். எஞ்சினை நிறுத்திவிட்டு உருள விட்டால் பிறேக்கின் உதவியும் போய்விடும். வன்னியில் அப்படிப் பெரிய இறக்கமும் கிடையாது, ஆசைக்காகச் செய்கிறார்கள். சந்தையடியில் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு கதைப்பதும் அப்படித்தான். நின்ற இடத்திலேயே ஒரு மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் போகும்.

மண்ணெண்ணெய் கலக்கலாமா என்று எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறார்கள். கேட்பதற்கு உரிமை உள்ள சனம் நீங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்களும் ஓட்டிய ஊர் இது. எந்தப் பொறியியல் புத்தகத்திலும் படிக்காமல் செய்த வேலை அது. ஆனால் அவை பெற்றோல் எஞ்சின்கள். டீசல் எஞ்சினில் பம்பையும் நோசிலையும் தேயாமல் காப்பது டீசலின் எண்ணெய்ப் பிடிப்புத்தான். மண்ணெண்ணெயில் அது குறைவு. இப்போது லீற்றருக்கு இடையில் உள்ள வித்தியாசம் 9 ரூபா. அந்த 9 ரூபாவுக்காகப் பம்பைத் தின்னக் கொடுத்தால் திருத்தக் கொழும்புச் சாமான் வேண்டும்.

எண்ணெயைக் குழாய் போட்டு வாயால் உறிஞ்சுவதையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பதையும் விட்டுவிடுங்கள். பிள்ளை தண்ணீர் என்று குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இனிச் சொல்லப் போவதுதான் இன்றைக்கு நான் வந்ததற்கே காரணம். டீசலை மிச்சம் பிடிக்கக் குறுக்குப் பாதையில் போக வேண்டாம். இயக்கச்சிப் பக்கமும் முகமாலைப் பக்கமும், இந்த நீரேரிக் கரையோரமும், முன்னர் மாட்டு வண்டில் போன பாதைகள் உங்கள் நினைவில் அப்படியே இருக்கின்றன. பாதை நினைவில் இருக்கிறது, நிலம் பழைய நிலம் அல்ல. மிதிவெடி அகற்றி முடித்து ஒப்படைத்த இடம் எது, இன்னும் ஒப்படைக்காத இடம் எது என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் ஒரு சில்லும் போகக் கூடாது. ஆள் நடந்து வெடிக்காத இடத்தில் பாரம் ஏற்றிய வாகனம் வெடிக்கலாம். வாகனத்துக்கென்று புதைத்த வெடி வேறு. வீதியோரத்துப் புல்லில் இறக்கித் திருப்புவதும் அதே ஆபத்துத்தான். இரண்டு கிலோமீற்றர் போய்ச் சந்தியில் திருப்புங்கள். கொஞ்சம் டீசல் போகட்டும். மழைவெள்ளம் வடிந்தபிறகு, சென்ற வருடம் போன பாதையையும் மறுபடி விசாரித்துக்கொண்டு போங்கள்.

எல்லாவற்றிலும் கூட மிச்சம் தருவது எஞ்சினிலும் இல்லை, ரயரிலும் இல்லை. வெறுமையாகத் திரும்புகிற வாகனத்தை நிறைப்பதில் இருக்கிறது. நான் சொன்ன 240 கிலோமீற்றரில் பாதி வெறும் ஓட்டம், அதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். கிளிநொச்சிக்கு மரக்கறி கொண்டுபோகிற பிக்கப் திரும்பும்போது மூன்று வீட்டுச் சீமெந்தைக் கொண்டுவரலாம். பளையில் இருந்து தேங்காய் ஏற்ற வெறுமையாகப் போகிற வாகனத்தில் அந்தப் பக்கத்து உறவினருக்கு இங்கிருந்து கூரைத் தகரம் போகலாம். இதற்கு யாராவது ஒருவர் கொப்பி வைத்திருந்து, எந்த வீட்டுக்கு என்ன வேண்டும், எந்த வாகனம் எப்போது போகிறது என்று எழுதினால் போதும். மாதர் சங்கம் உள்ள ஊர்களில் அந்தக் கொப்பியை அவர்களிடம் கொடுக்கும்படி நான் சொல்வேன். கணக்கை ஒழுங்காக வைப்பவர்கள் அவர்கள்தான்.

வாகனம் வைத்திருப்பவர்கள் இன்னொரு கணக்கும் எழுதுங்கள். டாங்கை வாய்வரை நிரப்பி மீற்றரைக் குறியுங்கள். ஓடிவிட்டு மறுபடி வாய்வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் தரம் ஊற்றிய லீற்றரால் பிரித்தால் உண்மை தெரியும். பழைய வாகனத்தில் மீற்றர் ஓடாவிட்டால் ஏ9 வீதியின் கிலோமீற்றர் கல்லைப் பாருங்கள். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று ஒரு இடத்தின் பெயரே கண்டியில் இருந்து எண்ணிய மைல் கல்தானே. மூன்று டாங்க் எழுதியபிறகு திடீரென்று லீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் குறைந்தால் ரயர், வடிகட்டி, பிறேக் என்ற வரிசையில் தேடுங்கள். கராஜுக்குப் போவது அதற்குப் பிறகு.

வெளியே எங்கள் பிக்கப் நிற்கிறது. வேண்டுமென்றே மோசமாகச் சாமான் ஏற்றி வைத்திருக்கிறோம். ரயர் அளக்கிற கருவியும் சாரதி அண்ணையிடம் இருக்கிறது. கயிறு கட்டத் தெரிந்தவர்கள் முன்னுக்கு வாருங்கள், எல்லாத்தையும் இறக்கித் திரும்ப ஏற்றிப் பார்ப்போம். கொப்பி வைத்திருக்க விரும்புகிறவர்கள் போகுமுன் என்னிடம் பெயரைத் தாருங்கள்.