கோதுமை ஆகாதவரும் கூட்டுப் பந்தியும்

தென்னாட்டை விட்டு வடக்கே வந்து குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் முதலில் மாற்றிக்கொள்வது மொழியை அன்று, உணவை. தில்லிக்கோ கான்பூருக்கோ லூதியானாவுக்கோ வந்த சில ஆண்டுகளுக்குள் இரவுச் சாப்பாடு சப்பாத்தி ஆகிவிடுகிறது. பிள்ளைகளின் டிபன் டப்பாவில் பராட்டா இடம்பெற்றுவிடுகிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோதுமை நல்ல தானியமே. ஆயினும் அந்த நல்ல தானியமே சிலர் உடலில் நஞ்சுபோல் வேலை செய்கிறது. அத்தகையவர் ஒருவர் வீட்டில் இருந்தால், அவரோடு கூடி உண்ணும் மற்றவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றி இன்று நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

கோதுமையிலும், பார்லியிலும், ரை என்னும் தானியத்திலும் குளூட்டன் என்றொரு புரதம் உண்டு. பிசைந்த மாவு இழுத்தால் அறாமல் நீள்வது அதனால்தான். ஆகவே பசைப்புரதம் என்று அதனை நாம் வழங்கலாம். சீலியாக் நோய் உள்ளவர் இப்புரதத்தை உண்டால், அவருடைய உடலின் காவற்படையே அவருடைய சிறுகுடலைத் தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் மெல்லிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிப் போகின்றன. பிறகு எவ்வளவு உண்டாலும் உடலில் ஒட்டுவதில்லை. குழந்தை வளர்வதில்லை; பெரியவருக்கு இரத்தச் சோகை நீங்குவதில்லை; எலும்பு வலுவிழக்கிறது. ஓயாத வயிற்றுப்போக்கு சிலருக்கு உண்டு, சிலருக்கு வயிற்றுத் தொல்லையே இராது. இது தொற்றுநோய் அன்று. அலுவலக வழக்கில் ஒவ்வாமை என்று எழுதுகிறோமே, அதுவும் அன்று. மருந்தும் இதுவரை இல்லை. ஆயுள் முழுவதும் பசைப்புரதத்தை விலக்கி உண்பது ஒன்றே வழி.

இவ்வழியைக் கண்டவர் வில்லெம் கரேல் டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர். ரொட்டியே இந்நோய்க்குக் காரணமோ என்ற ஐயம் அவருக்கு முன்னரே இருந்தது. 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஹாலந்து நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்காமல் மக்கள் டியூலிப் கிழங்கைக்கூடத் தின்ற காலம் அது. நாடே மெலிந்த அந்நாளில் இந்நோய்க் குழந்தைகள் தேறினர். பஞ்சம் தீர்ந்து ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பிற்று. அவர் தம் ஆராய்ச்சியை 1950இல் நூலாக அளித்தார்.

நம்மவர் இதனை வடநாட்டார் நோய் என்று தள்ளிவிடுவது வழக்கம். அவ்வாறு எண்ணுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2016இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி வட இந்தியாவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கும், தென்னாட்டில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் இந்நோய் காணப்பட்டது. ஆனால் அதே ஆராய்ச்சி மற்றொன்றையும் கண்டது. நோய்க்கு இடந்தரும் மரபணு வடக்கே எந்த அளவில் உள்ளதோ, ஏறக்குறைய அதே அளவில் தெற்கேயும் உள்ளது. பெரிதும் வேறுபட்டது தட்டில் விழும் கோதுமையின் அளவு. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை உண்ண, தெற்கே உண்பது 25 கிராமே. தென்னாட்டு உடலோடு வடநாட்டுத் தட்டின் முன் அமர்ந்திருக்கும் நாம் இதனை ஊன்றிக் கவனித்தல் நலம்.

சப்பாத்தியை நிறுத்திவிட்டால் போயிற்று, அதற்கு மேல் என்ன முறை வேண்டியிருக்கிறது என்று கேட்கலாம். கோதுமை மாவில் பத்தில் ஒரு பங்கு பசைப்புரதம் என்று கொண்டால், 30 கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தியில் 3 கிராம் இருக்கும். நாள்தோறும் 50 மில்லிகிராம் வயிற்றில் சேர்ந்தாலே மூன்று மாதத்தில் சிலருடைய குடல் கெடுகிறது என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். 50 மில்லிகிராம் என்பது அந்தச் சப்பாத்தியில் அறுபதில் ஒரு பங்கு. தட்டின் ஓரத்தில் உதிர்ந்து கிடக்கும் துணுக்குகளே போதும். “ஒரு வாய் தின்றால் என்ன ஆகிவிடும்” என்று அன்பினால் சொல்லும் மாமியாரும் அத்தையும் இந்தக் கணக்கை அறிதல் வேண்டும். அந்த ஒரு வாய் உடனே எதுவும் செய்யாமல் இருக்கலாம். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது.

துணுக்கு எப்படி வருகிறது? சப்பாத்தி தின்னும் கை நெய்க் கிண்ணத்தில் புகுகிறது. ரவா உப்புமாவைக் கிளறிய கரண்டி தயிர்ச்சாதத்திற்கும் போகிறது. பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிகிறது. கொதிக்கும் எண்ணெயில் எந்தத் தோஷமும் நில்லாது என்று நம்புகிறவர் பலர்; கிருமிக்கு அது பொருந்தும், பசைப்புரதத்திற்குப் பொருந்தாது. அடுப்பின் சூடு அதனை அழிப்பதில்லை.

இதற்கு வேண்டிய ஒழுங்கு நமக்குப் புதியதன்று. நம் பாட்டிமார் பலர் ‘பத்து’ பார்த்தவர்கள். சோற்றுப் பானையைத் தொட்ட கையோடு நெய்யைத் தொடார், தயிரைத் தொடார், இடையில் கையைக் கழுவிக்கொள்வர். பரிமாறும் கரண்டி உண்பவர் இலையில் படலாகாது என்பதும், எச்சிற்கை பாத்திரத்திற்குள் போகலாகாது என்பதும் எல்லா வகுப்பார் வீட்டிலும் கண்டிப்பாக இருந்தன. அந்த ஆசாரங்களில் மனிதரை மனிதரிடமிருந்து விலக்கி வைத்த பகுதி ஒழிந்ததே நல்லது. ஆனால் கையையும் கரண்டியையும் பற்றிய அந்த நுண்ணிய கவனம் இருக்கிறதே, அது இந்நோய் உள்ள வீட்டிற்கு அப்படியே பொருந்துகிறது. சோறு இருந்த இடத்தில் கோதுமையை வைத்துக்கொண்டால் பாட்டியின் சட்டமே போதும்.

வீட்டில் செய்யத்தக்கவை அதிகமில்லை. நோயாளிக்குரிய உணவை முதலில் சமைத்து மூடி வைத்துவிட்டுப் பிறகு சப்பாத்தி மாவைத் தொடுதல் வேண்டும். மாவுத் தூசி காற்றில் பறந்து திறந்த பாத்திரத்தில் படியும். அவருடைய மாவும் பருப்பும் அலமாரியின் மேல் தட்டில் இருக்கட்டும். கோதுமை கீழ்த் தட்டில் இருக்கட்டும். சிந்துவது கீழ்நோக்கித்தானே சிந்தும். சல்லடை, சப்பாத்திப் பலகை, குழவி, மரக்கரண்டி ஆகியவை எவ்வளவு கழுவினாலும் இடுக்கில் மாவு தங்கும். அவை தனியாக வேண்டும். எவர்சில்வர் பாத்திரம் அப்படியன்று. நன்றாகச் சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவினால் யாவரும் பயன்படுத்தலாம். ஆகவே அவருக்கென்று தட்டும் டம்ளரும் ஒதுக்கி, மூலையில் கவிழ்த்து வைப்பதற்கு எவ்வகை நியாயமும் இல்லை. ஊறுகாய், நெய், வெண்ணெய் ஆகியவற்றில் மட்டும் அவருக்கு ஒரு சிறு ஜாடி தனியே எடுத்து வைத்து, மூடியில் ஒரு நூலைக் கட்டிவிட்டால் குழந்தைகளுக்கும் அடையாளம் தெரியும்.

தமிழர் வீடு ஒருவகையில் பேறு பெற்ற வீடு. இட்டிலி, தோசை, சோறு, ரசம், கூட்டு, மோர் எல்லாம் இயல்பாகவே கோதுமை அற்றவை. ஆனால் சாம்பாரிலும் ரசத்திலும் ஒரு பகை ஒளிந்திருக்கிறது. அது பெருங்காயம். செடியிலிருந்து வடியும் பால் உறைந்த பெருங்காயம் மிகவும் காரமானது. ஆதலால் கடையில் விற்பது பெரும்பாலும் கருவேலம் பிசினும் மாவும் சேர்த்துக் கூட்டிய பெருங்காயமே. அந்த மாவு பல கம்பெனிச் சரக்குகளில் கோதுமை மாவு. கட்டிக்கும் தூளுக்கும் இதில் வேறுபாடில்லை. அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது. தேடி வாங்க வேண்டும். ஈரானிலும் ஆப்கானிஸ்தானத்திலும் விளையும் இதனை நம் நாட்டிலேயே பயிரிடுவதற்கு 2020இல் இமாசலப் பிரதேசத்து லாஹுல் பள்ளத்தாக்கில் நாற்று நட்டிருக்கிறார்கள். அது விளைந்து வந்தாலும் மாவு சேராமல் நம் அடுக்களைக்கு வருமா என்பது ஐயமே. சப்பாத்தியை விட்டும் உடம்பு தேறாத தமிழர் தம் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

டப்பாவைத் திருப்பினாலும் படிக்க வேண்டுமே! நம் நாட்டு விதிப்படி லேபிளில் ஆங்கிலமோ, தேவநாகரி எழுத்தில் இந்தியோ இருந்தால் போதும். பிள்ளையோடு வந்து வாழும் தமிழ் மட்டும் அறிந்த தாய்மார், சமையற்பொறுப்பு முழுவதும் தம் கையில் இருந்தும், இதனைப் படிக்க இயலாதவராக இருக்கின்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது உறுத்துகிறது. கடைக்காரர் வாயில் வரும் சொற்களையாவது அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கேஹூன் என்றால் கோதுமை. ஆட்டா, மைதா, சூஜி, தலியா நான்கும் அதன் மக்களே. ஜௌ என்பது பார்லி, ஆகாது. ஜ்வார் என்பது சோளம், ஆகும். ஓசையில் நெருங்கிய இவ்விரண்டையும் மாற்றிக் கேட்டால் வினையாகும். பாஜ்ரா கம்பு, மக்கா மக்காச்சோளம், பேசன் கடலை மாவு. இவை இயல்பில் தீங்கற்றவை. குளூட்டன் அற்றது என்று லேபிளில் அறிவிக்கும் பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது விதி.

இயல்பில் தீங்கற்றது என்றோம். அந்தக் கம்பும் கடலையும் சக்கியில் அரைபடும்போது என்ன ஆகிறது? நமக்கு முன் நின்றவர் பத்துக் கிலோ கோதுமை அரைத்திருப்பார். அவருடைய மாவின் மிச்சம் நம் அரிசி மாவில் இறங்கும். நவராத்திரி விரதத்திற்கு வடநாட்டார் உண்ணும் குட்டு மாவும் சிங்காடா மாவும் நோயாளிக்கு ஏற்றவையே. பொது இயந்திரத்தில் அரைத்தால் அவற்றுக்கும் இதே கதிதான். வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்வது உத்தமம். நம்மவர் ஏகாதசிக்கு அரிசியை விட்டுக் கோதுமையை உண்பதும், நோயுற்றவருக்குப் பார்லிக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதும் இந்நோயாளிக்கு நேர் எதிரானவை. மால்ட் கலந்த பான மாவுகளும் பார்லியின் வழித்தோன்றல்களே.

வீட்டை விட்டு வெளியே வந்தால் சங்கடம் வேறுவிதமானது. நம் தமக்கை மகள் ஒருத்திக்குப் பத்து வயதில் இந்நோய் என்று கண்டார்கள். குடியிருப்பில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையார் அன்பு மிகுந்தவர். அச்சிறுமிக்காகவே மக்காச்சோள ரொட்டி செய்து கொண்டுவந்தார். பிரியாமல் வருவதற்காக அதில் ஒரு பிடி ஆட்டா சேர்ப்பது அங்கே பலர் வழக்கம். தமக்கை அதை வாங்கிக்கொண்டு, “பஹன்ஜி, இதில் ஆட்டா உண்டா?” என்று வாய்விட்டுக் கேட்டாள். உண்டு என்றார் அவர். சற்று முகம் வாடிற்று. மறுநாள் தமக்கை அவரைத் தன் அடுக்களைக்கு அழைத்து, நூல் கட்டிய ஜாடிகளைக் காட்டி, மருத்துவர் சொன்னதை எல்லாம் விளக்கினாள். அதற்குப் பிறகு அவ்வீட்டிலிருந்து வருவது பழமும், தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கும். கேட்காமல் வாங்கிக் குப்பையில் போடுவதைக் காட்டிலும் கேட்டுவிடுவது மரியாதை என்பது நம் கருத்து.

கல்யாணப் பந்தியில் கேட்பது அரிது. அங்கே முதல் பந்திக்கு முன்பே சமையற்காரரிடம் சொல்லி, கரண்டிகள் கலப்பதற்குமுன் சோறும் பருப்பும் தயிரும் எடுத்து வைத்துக்கொண்டு, எல்லோருடனும் அதே வரிசையில் இலை போட்டு உட்காரலாம். குருத்துவாராவில் லங்கர் உண்ணும்போது சப்பாத்தி பரிமாறும் கையே சில வேளை மற்றதையும் பரிமாறும். வீட்டில் உண்டுவிட்டுச் சென்று, பரிமாறும் பணியில் ஈடுபடுவோர் உளர். கோயிலில் ரவா கேசரியைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிறருக்குக் கொடுத்துவிடலாம். கத்தோலிக்கர் நற்கருணைக்குக் கோதுமை அப்பமே வேண்டும் என்பது திருச்சபை விதி. எனினும் பசைப்புரதம் மிகக் குறைந்த அப்பம் செல்லும் என்று 2017இல் வத்திக்கான் மீண்டும் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஊருக்குச் செல்லும் முப்பது மணி நேரத்திற்கும் மேற்பட்ட இரயில் பயணத்திற்குப் புளிச்சோறு கட்டிக்கொள்வது பழைய வழக்கம். பெருங்காயத்தை மட்டும் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

ஓட்டலில் தோசை நல்லதுதானே என்பார்கள். அதே கல்லில் சற்றுமுன் ரவா தோசை வார்த்திருப்பார்கள். சாம்பாரின் பெருங்காயம் எதுவென்று பரிமாறுபவருக்குத் தெரியாது.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைக்கு நோய் என்றால் வீடே மாறுகிறது. வீட்டுத் தலைவிக்கு என்றால் மாறுவதில்லை. எல்லோருக்கும் சப்பாத்தி இட்டு, மாவுக் கையோடு, கடைசியில் மிஞ்சியதை உண்பவள் அவள். தனக்கென்று ஒரு பிடி அரிசி தனியே வைக்க அவள் கூசுகிறாள். மணப்பேச்சின்போது பெண்ணுக்கு இந்நோய் இருப்பதை மறைத்துவிடுகிறவர்களும் உண்டு. மறைத்துக் கொடுத்த வீட்டில் அவள் முதல் நாள் விருந்திலேயே பூரி தின்ன வேண்டியவள் ஆகிறாள். அந்த வீட்டார் இரக்கமற்றவர் அல்லர், அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பூரியை அவள் தட்டில் இடுவது நாம் மறைத்த செயலே.

நோய் இருக்குமோ என்று ஐயுறுகிறவர் தாமே கோதுமையை நிறுத்திவிடுவது வழக்கமாகி வருகிறது. நிறுத்திய பிறகு இரத்தத்தைச் சோதித்தால் நோய் புலப்படாமல் போகலாம். ஆகவே கோதுமை உண்டு வரும்போதே மருத்துவரிடம் சென்று, இரத்தச் சோதனையும், அவர் வேண்டும் என்றால் உள்நோக்குக் கருவி வழியே குடற்சோதனையும் செய்துகொண்டு, அதன் பின்னரே நிறுத்த வேண்டும். ஒருவருக்கு இருப்பதாகத் தெரிந்தால், அவருடைய பெற்றோரும் உடன்பிறந்தாரும் மக்களும் தமக்கு ஒரு தொல்லையும் இல்லையென்றாலும் சோதித்துக்கொள்வது நலம். நெருங்கிய இரத்த உறவில் இந்நோய் மற்றவரிடத்தைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது.