ஆசிரியர் பணியை அளப்பதில் நமக்கும் பங்குண்டு
(தாராவிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆசிரியர் ஒழுங்காகப் பாடம் நடத்துகிறாரா என்று சொல்வது யார்? அதிகாரி மட்டுமா? இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. மராத்தியில் 'சாளா வ்யவஸ்தாபன் சமிதி' என்பார்கள். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது அதன் கடமை.

எதை வைத்து அளப்பது? பரீட்சை மார்க்கை மட்டும் வைத்தால் அநியாயம். 24ஆம் பிரிவு சொல்வதைக் கேட்போம்: நேரத்துக்கு வருகிறாரா? பாடத்தை முடிக்கிறாரா? பெற்றோரைக் கூட்டிப் பிள்ளையின் நிலையைச் சொல்கிறாரா? இதைக் கேட்கப் பட்டம் வேண்டாம்.

ஆசிரியரும் தொழிலாளியே. மக்கள்தொகைக் கணக்கு, தேர்தல், பேரிடர் நிவாரணம் தவிர வேறு வெளிவேலை தரக் கூடாது என்கிறது 27ஆம் பிரிவு. அதை மீறி அவரை அலைய விட்டால், அவருக்காகவும் நாம் தட்டிக் கேட்போம்.

கூட்டத்துக்குப் போனால் அரைநாள் கூலி போகும், உண்மைதான். மாலையில் கூட்டம் வையுங்கள் என்று எழுதிக் கேட்போம். நம் நாற்காலி காலியாக இருந்தால், நம் பிள்ளைகளைப் பற்றிய முடிவு நம்மைக் கேளாமலே ஆகிவிடும்.