இலை உண்ணும் உணவு



தாவரம் வேரால் உண்கிறது என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். திராட்சைக் கொடி இலையாலும் உண்ணும். வேர் இருக்கும்போது இலைக்கு ஊட்டுவானேன் என்று நீங்கள் கேட்கலாம்.

சுவிட்சர்லாந்தில் லெமான் ஏரிக்கரைச் சரிவுகளில் திராட்சை பயிராகிறது. மண் அரித்துச் செல்லாதிருக்க வரிசைகளுக்கிடையே புல் வளர்க்கிறார்கள். மண்ணிலிடும் உரத்தில் அந்தப் புல்லும் பங்குக்கு வந்துவிடுகிறது! பழச்சாற்றில் நைட்ரஜன் குறைந்தால் அதை நொதிக்கச் செய்யும் ஈஸ்ட் சோர்ந்துவிடும். லிட்டருக்குச் சுமார் 140 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், நொதித்தல் பாதியில் நின்றுவிடவும் கூடும். ஓராண்டு உழைப்பும் தொட்டியில் கெடும். ஆகவேதான் யூரியாவைக் கரைத்து இலைமேல் தெளிக்கிறார்கள்.

இலையின் மேற்பரப்பை மெழுகுப்படலம் ஒன்று மூடியிருக்கிறது. மின்னேற்றமுள்ள நைட்ரேட் அதை எளிதில் கடப்பதில்லை. யூரியா மூலக்கூறோ சிறியது, மின்னேற்றம் அற்றது. ஆதலால் எளிதில் ஊடுருவுகிறது. துளி உலர்ந்துவிட்டால் உறிஞ்சுதல் ஏறக்குறைய நின்றுவிடும்; மாலைக் குளிர்ச்சியில் தெளிப்பது இதனால்தான். உள்ளே யூரியேஸ் என்னும் நொதி அதை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. 1926-இல் சம்னர் என்ற அமெரிக்க அறிஞர் முதன்முதலாகப் படிகமாக்கிய நொதி இதுவே. அம்மோனியா தேங்கினால் நஞ்சாகும். ஆகவே இலை உடனே அதைக் குளூட்டமின் என்ற அமினோ அமிலமாக மாற்றிக்கொள்கிறது. கரைசல் மிகுந்தால் இலை விளிம்பு கருகும். அளவு தெரியாத தாராளம் இங்கே உதவாது.

உட்சென்ற நைட்ரஜன் எங்கே போயிற்று என்று எவ்வாறு அறிவது? சாதாரண நைட்ரஜன் அணுவின் நிறை எண் 14. 15 என்னும் நிறை எண் உடைய அரிய வகையும் உண்டு. அதற்குக் கதிரியக்கம் இல்லை. புயி என்னுமிடத்தில் அக்ரோஸ்கோப் நிலைய ஆய்வாளர்கள் அவ்வகை நைட்ரஜன் கொண்ட யூரியாவை ஷாஸ்லா இனக் கொடிகளில் தெளித்து, அது சென்ற வழியைத் தேடினார்கள். பழம் நிறம் மாறத் தொடங்கும் பருவத்தில் தெளித்தது சாற்றில் நன்கு சேர்ந்தது.

இளந்தளிர் தான் பெற்றதைத் தன் வளர்ச்சிக்கே வைத்துக்கொள்ளும். முதிர்ந்த இலையோ உணவுக்குழாய் வழியாகக் குலைக்கும் தண்டுக்கும் அனுப்பிவிடும். அறுவடைக்குப்பின் இலை பழுத்து உதிருமுன், எஞ்சிய நைட்ரஜனில் பெரும்பகுதி அடித்தண்டிலும் வேரிலும் சேமிப்பாகிறது. அடுத்த வசந்தத்தின் முதல் துளிர்கள் அதை உண்டே வெளிவருகின்றன.