யோபுவின் மனைவி

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நாளன்று ஆற்றிய உரை)

 

துன்ப வேளையில் கணவனின் விசுவாசத்திற்கு மனைவியும், மனைவியின் விசுவாசத்திற்குக் கணவனும் எவ்வாறு துணை நிற்கலாம் என்பது பற்றிச் சிறிது நேரம் பேசும்படி பங்குத் தந்தை எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் மறைநூல் கற்றவர்கள் அல்லர். இந்த உரையை இருவரும் சேர்ந்தே எழுதினோம். ஒருவர் எழுதியதில் மற்றவர் சில இடங்களை அடித்தும் விட்டார். மேடையில் வாசிப்பவர் கணவர் என்பதால் இது கணவருடைய உரை என்று எண்ணிவிட வேண்டாம்.

இப்பொருளைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவள் யோபுவின் மனைவி. குடும்பங்களில் அவள் பெயர் ஒரு வசைச்சொல்லாகவே வழங்குகிறது. உடலெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் அமர்ந்து ஓட்டினால் சொறிந்துகொண்டிருந்த கணவனிடம், இன்னமும் உத்தமத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறீரே, கடவுளைத் தூற்றிவிட்டுச் சாகலாமே என்ற பொருள்பட அவள் பேசினாள். புனித அகுஸ்தீனார் அவளைப் பிசாசின் உதவியாள் என்றே எழுதியிருக்கிறார். பத்துப் பிள்ளைகளையும் பறித்த சாத்தான் மனைவியை மட்டும் ஏன் விட்டுவைத்தான் என்று கேட்ட புனித கிறிசோஸ்தோம் அருளப்பர், அவளைத் தன் கருவியாகப் பயன்படுத்தவே விட்டுவைத்தான் என்று விளக்கினார். இத்தகைய பெரியோர்களைத் திருத்தும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆயினும் பிள்ளை பெற்றவர்கள் என்ற முறையில் சில கேள்விகள் எழுகின்றன.

யோபு இழந்தவற்றைக் கணக்குப் பார்க்கிறோம்: ஆடுகள் 7,000, ஒட்டகங்கள் 3,000, ஏர்மாடுகள் 500 இணை, கழுதைகள் 500. பின்பு ஏழு ஆண் மக்கள், மூன்று பெண் மக்கள். இந்தப் பத்துப் பேரையும் பெற்றவள் யார்? ஒரே நாளில் பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்த தாய் அவள். யோபுவின் துக்கத்திற்கு நாற்பதுக்கு மேற்பட்ட அதிகாரங்கள் உள்ளன. அவளுடைய துக்கத்திற்குக் கிடைத்தது ஒரே வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நாம் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே யூதர்கள் தங்கள் மறைநூலைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார்கள். அந்தக் கிரேக்க நூலில் அவள் சற்று நீளமாகவே பேசுகிறாள். தான் வயிற்றில் சுமந்து வேதனையோடு பெற்ற பிள்ளைகள் இல்லாமற் போனதைச் சொல்லி அழுகிறாள். ஊர் ஊராக, வீடு வீடாக அலைந்து கூலிவேலை செய்வதையும், உழைப்பும் வலியும் சற்று ஓய எப்போது பொழுது சாயும் என்று காத்திருப்பதையும் சொல்கிறாள். செல்வச் சீமாட்டியாக இருந்தவள் நோயாளிக் கணவனுக்காகக் கூலிக்குப் போயிருக்கிறாள்! இதைப் படித்தபின் அவளை ஏச எங்களுக்கு மனம் வரவில்லை.

யோபு அவளுக்குச் சொன்ன பதிலையும் கவனிக்க வேண்டும். நீ அறிவிலி என்று அவர் சொல்லவில்லை. அறிவற்ற பெண்கள் பேசுவதுபோல் பேசுகிறாயே என்கிறார். அதாவது, இது உன் பேச்சு அல்லவே என்கிறார். அடுத்து, கடவுளிடமிருந்து நன்மைகளை ஏற்றுக்கொண்ட நாம் தீமைகளையும் ஏற்க வேண்டாமா என்று கேட்கிறார். ‘நான்’ என்று சொல்லாமல் ‘நாம்’ என்கிறார். சாம்பலில் இருந்துகொண்டே அவளையும் தம்மோடு சேர்த்துக்கொள்கிறார். பின்னொரு இடத்தில், தம் மூச்சு மனைவிக்கு அருவருப்பாயிற்று என்று புலம்புகிறார். அருகில் இராதவளுக்கு மூச்சின் நாற்றம் எப்படித் தெரியும்? அவள் போய்விடவில்லை என்பதற்கு எங்களுக்கு அதுவே போதிய சான்று. நூலின் முடிவில் கடவுள் சினங்கொள்வது, நீளநீளமாகக் கடவுளுக்காக வாதாடிய மூன்று நண்பர்கள் மீதுதான். அந்த அம்மாளைக் கடிந்து ஒரு வார்த்தையும் இல்லை.

தோபித்து நூலிலும் இப்படி ஒரு வீடு உண்டு. அங்கே நியாயம் வேறு பக்கம் இருக்கிறது. இறந்தவர்களை அடக்கம் செய்த புண்ணியவான் தோபித்து, குருவியின் எச்சம் விழுந்து கண்ணொளி இழந்தார். மனைவி அன்னா நெசவுவேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினாள். ஒருநாள் வேலை கொடுத்தவர்கள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். குட்டியின் சத்தம் கேட்ட கணவர், இது திருட்டு ஆடு, திருப்பிக் கொடுத்துவிடு என்றார். அவள் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. நீர் செய்த தருமங்கள் எல்லாம் எங்கே போயின என்று அவள் திருப்பிக் கேட்டாள். கேள்வி கடுமையானதுதான். ஆனால் நாள் முழுவதும் தறியில் முதுகொடிய உழைத்துவிட்டு வந்தவளைத் திருடி என்றால் வேறென்ன கேட்பாள்? பக்தியுள்ள கணவர்மாரிடம் இந்த ஆபத்து உண்டு. தம் நேர்மையைப் பேணுகிற அக்கறையில் மனைவியின் நேர்மையைச் சந்தேகித்துவிடுவார்கள். அன்னாவின் கேள்விக்குப் பின்தான் தோபித்து அழுது செபித்தார். அந்தச் செபம் கேட்கப்பட்டது என்று மறைநூல் சொல்கிறது.

இனி எங்கள் வீட்டுச் செய்தி. இதைச் சொல்வதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தோம். மனைவி சம்மதித்தபின்பே எழுதுகிறோம். 2009-ஆம் ஆண்டில் எங்கள் மூத்த மகன் ஒன்பது நாள் காய்ச்சலில் இறந்தான். வயது பதினேழு. முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்று இரவு, மனைவி செபமாலையைத் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினார். “ஒன்பது நாள் கேட்டேன். இனி என்னைக் கேட்கச் சொல்லாதீங்க” என்றார். உறவினர் பலர் இருந்தார்கள். கணவர் எல்லோர் முன்னிலையிலும், “யோபு பெண்டாட்டி மாதிரிப் பேசாதே” என்று அதட்டினார். அன்றிலிருந்து பல நாட்களுக்கு எங்கள் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது, பேச்சுச் சத்தம் கேட்கவில்லை.

கணவர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனார். வீட்டில் விசுவாசத்தைக் காப்பாற்றுவது தாம் ஒருவரே என்று மனதுக்குள் பெருமையும் கொண்டார். அவர் கவனிக்காமல் விட்ட காரியம் ஒன்று உண்டு. சனிக்கிழமை இரவுதோறும் அவருடைய வேட்டியும் சட்டையும் இஸ்திரி போடப்பட்டு, செபப்புத்தகத்தோடு நாற்காலியில் இருந்தன. கோவிலுக்கு வராதவர்தான் அதை ஒரு வாரமும் தவறாமல் செய்துவந்தார்.

மகனுடைய முதலாண்டு நினைவுக்குப் பின் ஒரு ஞாயிறன்று கணவர் படுக்கையிலிருந்து எழவில்லை. முதல் மணி அடித்தது. இரண்டாம் மணியும் அடித்தது. “இனி எதற்கு?” என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். மனைவி தலைமாட்டில் வந்து நின்று, “என்னங்க, மணி அடிச்சாச்சு. எழுந்திருங்க, நானும் வாசல் வரைக்கும் வர்றேன்” என்றார். வந்தார். பூசை முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அப்படிப் பல ஞாயிறுகள் கழிந்தன. பின்பு ஒருநாள் மழை பெய்ததால் உள்ளே வந்தார்.

இவ்விடத்தில், அதன்பின் மனைவியின் விசுவாசம் முன்னிலும் உறுதியாயிற்று என்று கணவர் எழுதியிருந்தார். மனைவி அடித்த இடங்களில் அதுவும் ஒன்று. “வருகிறேன், அவ்வளவுதான் என்று எழுதுங்கள்” என்றார். அப்படியே வாசிக்கிறோம். கணவர் அன்று உறவினர் முன் சொன்ன வார்த்தைக்கு, இன்று உங்கள் அனைவர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறார்.

வாதாட்டத்தால் யாரும் யாரையும் விசுவாசத்திற்குக் கொண்டுவர முடியாது என்பதை பாரிஸ் நகரத்து எலிசபெத் லெசேர் அம்மையார் நன்கு அறிந்திருந்தார். 1889-இல் அவரை மணந்த பெலிக்ஸ் லெசேர் ஒரு மருத்துவர், கடவுள் நம்பிக்கையை இழந்தவர், திருச்சபையை ஏளனம் செய்து எழுதியவர். மனைவியின் பக்தியை ஒழிக்க ரெனான் என்பவரின் நூலைப் படிக்கக் கொடுத்தார். அதைப் படித்த அம்மையார் அதன் வலுவின்மையைக் கண்டு நற்செய்தி நூலைக் கையில் எடுத்தார்! திருமணமானது முதலே அவருக்குத் தீராத நோய், பிள்ளை இல்லை, இறுதியில் புற்றுநோய். கணவரோடு அவர் தர்க்கம் செய்யவில்லை. தம் வேதனைகளை அவருக்காக ஒப்புக்கொடுத்ததைத் தம் நாட்குறிப்பில் மட்டும் எழுதிவைத்தார். 1914 மே மாதம் 3-ஆம் நாள் இறந்தார். நாட்குறிப்பைப் பின்னர் கண்டெடுத்த கணவர் மனம் மாறினார். தோமினிக் சபையில் சேர்ந்து 1923-இல் குருவானார். எத்தனை வியப்பான முடிவு! ஆனால் அம்மையார் அந்த முடிவைக் காணவில்லை. 25 ஆண்டு மணவாழ்வில் கணவரோடு ஒரு நாளேனும் நற்கருணை வாங்கும் பேறு பெறாமலே கண்மூடினார். குருவானவர் கதையைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையாருக்கும் மரியாயின் சேனையாருக்கும் ஒரு வேண்டுகோள். துக்க வீடுகளுக்கு நீங்கள் தவறாமல் போகிறீர்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் உடனிருந்தார்கள். வாயைத் திறக்கும்வரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். அந்த ஏழு நாளில் அடுக்களைப் பக்கம் போய் யோபுவின் மனைவியிடம் யாரேனும் ஒரு வார்த்தை விசாரித்ததாக நூலில் இல்லை. நீங்கள் போகும்போது முன் கூடத்தில் உட்கார்ந்திருப்பவரோடு நின்றுவிடாமல் உள்ளேயும் ஒருவர் போய் வாருங்கள். அந்த அம்மாள் பூசைக்கு வருவதில்லையே என்று பங்குச் சாமியாரிடம் சொல்வதைச் சற்று ஒத்திவையுங்கள்.

நேரம் ஆகிவிட்டது, சமையற்கட்டில் விருந்து தயாராகிவிட்டதென்று அறிகிறோம்.