போதைப்பழக்கமும் நம் கடை வாசலும்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டிப் பினாங்கில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நான் மருத்துவர் இல்லை, ஆலிமும் இல்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு, அத்தாவின் மளிகை மொத்த வியாபாரக் கடையில் உட்கார்ந்தவன். போதைப்பழக்கத்தைப் பற்றிப் பேச இவன் யார் என்று சிலர் நினைக்கலாம். இந்தத் தலைப்பை நானேதான் கேட்டு வாங்கினேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

2006ஆம் ஆண்டு. நான் மாணவன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அத்தாவின் கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பெரியவர்களிடையே பெரிய வாக்குவாதம். "அரசாங்கமே போதைப்பித்தனுக்கு ஊசி கொடுக்குதாம்! இது என்ன கூத்து?" என்றார் ஒருவர். "ஊசி மட்டுமா, போதைக்குப் பதிலா இன்னொரு போதையும் கொடுக்குதாம்" என்றார் இன்னொருவர். எனக்கும் அது அநியாயமாகத்தான் பட்டது.

அரசாங்கம் ஏன் அப்படிச் செய்தது என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1983இல் அன்றைய பிரதமர் மகாதீர், போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். போதைக்கு அடிமையானவரை ஈராண்டு வரை மறுவாழ்வு மையத்தில் வைத்திருக்கும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. பிடித்தார்கள், அடைத்தார்கள், விட்டார்கள். வெளியே வந்தவர்களில் பலர் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். அந்த நேரத்தில் எச்.ஐ.வி. வந்து சேர்ந்தது. ஒரே ஊசியை நான்கு பேர் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டால் ஒருவரின் நோய் நால்வருக்கும் போகும். 2002இல் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 7,000 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஊசி வழியாகப் போதை ஏற்றியவர்கள். அவர்களுடைய வீடுகளில் ஒன்றும் அறியாத மனைவிமார்கள் இருந்தார்கள்.

அதனால்தான் 2005 அக்டோபரில் மெத்தடோன் சிகிச்சை சோதனை முறையில் தொடங்கியது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பினாங்கு, கோலாலம்பூர், ஜொகூர் பாரு மூன்று இடங்களிலும் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசி கொடுக்கும் திட்டம் வந்தது. பலன் என்ன? புதிதாக எச்.ஐ.வி. தொற்றுவோரில் ஊசி வழியாகத் தொற்றியவர்கள் ஒரு காலத்தில் பத்தில் ஏழு பேருக்கும் மேல் இருந்தார்கள். இன்று பத்தில் ஒருவருக்கும் கீழே குறைந்துவிட்டது.

மெத்தடோன் என்றால் என்ன என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். குடிக்கும் திரவ மருந்து அது. ஹெராயினுக்கு அடிமையானவருக்கு, அது கிடைக்காவிட்டால் உடல் முறுக்கும், வாந்தி வரும், எலும்பெல்லாம் வலிக்கும். அந்த வேதனைக்குப் பயந்துதான் திருடியாவது மறுபடியும் வாங்குகிறார். மெத்தடோன் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க அந்த வேதனை வராமல் தடுக்கும். சரியான அளவில் எடுப்பவருக்கு மயக்கம் இருக்காது. வேலை பார்க்கலாம், தொழலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடலாம். ஆனால் தொடக்கத்தில் தினமும் கிளினிக்குக்குப் போக வேண்டும். மருந்தாளர் கண் முன்னே குடிக்க வேண்டும். பல மாதம் ஒழுங்காக இருந்தால்தான் வீட்டுக்குக் கொண்டுபோக மருந்து கொடுப்பார்கள். அதைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும்.

சரி, இது மார்க்கத்துக்கு ஒத்ததா? இதைக் கேட்பது நியாயம்தான். ஷரீஅத் பாதுகாக்க நினைப்பவை ஐந்து என்று நமக்கு மதரஸாவிலேயே சொல்லிக்கொடுத்தார்கள்: மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள். போதை அறிவைக் கெடுக்கிறது. அதனால் அது ஹராம். அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் அடிமையாகிவிட்ட ஒருவருடைய உயிரும், அவர் மனைவியின் உயிரும், பிறக்கப்போகும் குழந்தையும் ஆபத்தில் இருக்கும்போது என்ன செய்வது? இரண்டு தீங்குகளில் ஒன்றைத் தவிர்க்கவே முடியாது என்றால் சிறியதை ஏற்றுக்கொண்டு பெரியதைத் தடு என்பது ஃபிக்ஹில் பழைய விதி. அந்த விதியின் நிழலில்தான் இந்தச் சிகிச்சை நிற்கிறது. 2010இல் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள மஸ்ஜித் அர்-ரஹ்மானிலேயே மெத்தடோன் கொடுக்கத் தொடங்கினார்கள். மருந்தோடு தொழுகையும் மார்க்க உபதேசமும் சேர்ந்து கிடைத்தன. பள்ளிவாசல் கதவு அவர்களுக்கும் திறந்தது.

இன்னொரு கேள்வியும் உண்டு. நல்லபடி வாழ்ந்து நோய்ப்பட்டவர்கள் காத்திருக்க, தானாகக் கெட்டுப்போனவனுக்கு ஏன் நம் வரிப் பணம்? நானும் வரி கட்டுகிறவன்; எனக்கும் இந்த எண்ணம் வந்திருக்கிறது. ஆனால் அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிவிட்டு இனிப்பு நீருக்கு மாத்திரை வாங்கும் நம்மில் யாரிடமாவது, "தினம் எத்தனை தே தாரேக் குடித்தாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் மருந்து கொடுக்கிறார்களா? இருதய நோயாளியிடம் சிகரெட் கணக்குக் கேட்டு அறுவைச் சிகிச்சையை மறுக்கிறார்களா? நோயாளி நல்லவரா என்று பார்த்துத்தான் மருத்துவம் என்று வைத்தால், அந்த வரிசையில் நிற்க நம்மில் எத்தனை பேருக்குத் தகுதி இருக்கும்?

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் கடையில் ஒருவர் வேலை பார்த்தார். பெயர் சொல்ல மாட்டேன். நான் சிறுவனாக இருந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதி சுற்றிக் காட்டியவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். அரிசி மூட்டையைப் பார்த்த பார்வையிலேயே எந்த மில் சரக்கு என்று சொல்லிவிடுவார். இடையில் சில ஆண்டுகள் அவரைக் காணவில்லை. எங்கே போனார் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம். திரும்பி வந்தபோது அத்தா சேர்த்துக்கொண்டார்.

அத்தாவுக்கு உடம்பு முடியாமல் கடை என் பொறுப்புக்கு வந்தது. எட்டரைக்கு லாரி வரும். அவர் ஒன்பதேகாலுக்கு வருவார், சில நாள் ஒன்பதரை. இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சம்பளத்தில் பிடித்தேன். ஒரு நாள் கடையை மூடும் நேரத்தில் பக்கத்தில் வந்து நின்று, "தம்பி, காலையில ஒரு மணி நேரம் மட்டும் விட்டுக்கொடுங்க. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கூட நிக்கிறேன்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். "கடைக்கு நேரம் ஒண்ணுதாண்ணே" என்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து சரியாக எட்டரைக்கு வந்தார். எனக்குப் பெருமை, கண்டிப்பாக இருந்தால் வழிக்கு வருவார்கள் என்று வீட்டில் சொன்னேன். கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிட்டுத்தான் எட்டரைக்கு வந்திருக்கிறார். இரண்டு மாதத்தில் பழைய இடத்துக்குப் போனார். பிறகு பிடிபட்டார். அவருடைய தாயார் என்னிடம் வந்து சண்டை போடவில்லை. கிளினிக் அட்டையை மேசை மேல் வைத்து, "இதுல எத்தனை நாள் போயிருக்கான்னு பாருங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்த அட்டையில் ஏழு மாதம், ஒரு நாள் விடாமல் முத்திரை இருந்தது. ஏழு மாதம் தன்னைத் தானே தூக்கி நிறுத்திய ஒரு மனிதரை, ஒரு மணி நேரத்துக்காக நான் கீழே தள்ளினேன்.

அரசாங்கம் கொள்கை வகுத்தது. கிளினிக் மருந்து வைத்திருந்தது. உலமாக்கள் வழி சொன்னார்கள். எல்லாம் என் கடை வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

வெளியே வந்த பிறகு நானே அவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். இப்போது பத்து மணிக்கு வருகிறார். முழுக்கச் சரியாகிவிட்டார் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். இடையில் ஒரு முறை சறுக்கினார், மறுபடியும் எழுந்தார். லாரிக்காரரிடம் பேசினேன், சரக்கு இறக்கும் நேரத்தைப் பத்தரைக்கு மாற்றிக்கொண்டார். இவ்வளவுதான் வேலை. அன்றைக்கே செய்திருக்கலாம்.

பொன்விழா கொண்டாடும் நம் சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்.

முதலாவது, கடை வைத்திருக்கும் நாம் ஒவ்வொருவரும் சிகிச்சையில் இருப்பவருக்குக் காலையில் ஒரு மணி நேரம் கொடுப்போம். டயாலிசிஸ் செய்பவருக்குக் கொடுக்க மாட்டோமா? காரணத்தைத் தனியாகக் கேட்போம், கேட்டதை நம்மோடு வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, பொதுநலக் குழுவில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் இதற்கென்று நியமிப்போம். மகன் கெட்டுப்போனான் என்று தெரிந்தும் எத்தனையோ தாய்மார்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே தெரிந்தால் மகளுக்குச் சம்பந்தம் வராது என்ற பயம். போலீஸ் வருமோ என்ற பயம். 1983ஆம் ஆண்டுச் சட்டமே, தானாக முன்வந்து சிகிச்சை கேட்பதற்கும் வழி வைத்திருக்கிறது. இதைச் சொல்லிக் கூடப் போவதற்கு ஓர் ஆள் இருந்தால் போதும். நகையை விற்று மந்திரித்துப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தாய் கிளினிக்குக்குப் போவார்.

மூன்றாவது, பிள்ளைகள். இன்று நாட்டில் அதிகம் பரவியிருப்பது ஹெராயின் அல்ல, ஷாபு என்கிற ஐஸ். மெத்தடோன் அதற்கு உதவாது. மெத்தடோன்போல் அதற்கு ஈடான மருந்தும் இல்லை. ஆலோசனை, குடும்பம், வேலை, நல்ல சேர்க்கை இவைதான் மருந்து. அப்படியென்றால் நம் பொறுப்பு இன்னும் கூடுகிறது. வேப் திரவத்திலேயே போதைப்பொருளைக் கலந்து விற்கிறார்கள். பிள்ளை கையில் இருப்பது என்ன என்று கேளுங்கள். பதில் சொல்ல அவனுக்குப் பயம் வராத மாதிரிக் கேளுங்கள்.

ஐம்பது ஆண்டுகளாக இந்தச் சங்கம் மையித்துக்குக் கஃபன் துணி கொடுத்திருக்கிறது, பிள்ளைகளுக்குப் படிப்புப் பணம் கொடுத்திருக்கிறது. இனி உயிரோடு இருப்பவர்களில் நாம் பெயர் சொல்லத் தயங்குகிறவர்களுக்கும் கை கொடுப்போம். நான் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியை நீங்கள் உங்கள் கடையில், உங்கள் வீட்டில் கேளுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. தவறி விழுந்தவர்களைத் தூக்கிவிடும் தைரியத்தை நமக்குத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.