ரப்பர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு என்ன வழி?
(தாய்மார் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற மருத்துவ மாது ஒருவர் ஆற்றிய உரை)



நான் யாழ்ப்பாணத்தில் மருத்துவ மாதாக வேலை செய்தவள். என்ர பேச்சும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

இந்த விசயத்தைப் பேச வெட்கம் வேண்டாம். மானிப்பாயில் இருந்த டொக்டர் கிறீன் 1850களிலேயே பிரசவ வைத்தியத்தைத் தமிழில் நூலாக்கினவர்.

1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தது. அந்த நாட்களில் ஒரு இளம் தாய் என்னிடம் வந்து அழுதாள். ஆணுறை பாவிக்கிற ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கடியும் வீக்கமும். "இந்த நோய் எங்கயிருந்து வந்தது?" எண்டு புருசன் கேட்டிட்டான். பழிக்குப் பயந்து உறையை விட்டிட்டாள். கைப்பிள்ளைக்கு ஆறு மாதம், அடுத்தது வயித்தில.

ரப்பர் கையுறை போட்டுப் பரிசோதித்தேன். கொஞ்ச நேரத்தில் கை பட்ட இடமெல்லாம் தடிச்சுப் போச்சு. "பலூன் ஊதினால் உதடு வீங்குமோ?" எண்டு கேட்டேன். "ஓம், சின்னனில இருந்தே" எண்டாள். புருசனைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினேன். அவன் தலை குனிஞ்சு நின்றான்.

ரப்பர் மரத்துப் பாலில் உள்ள புரதம் சிலருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. இது ஒழுக்கக்கேடும் இல்லை, தொற்றுநோயும் இல்லை. ஆணுக்கும் வரும். இப்படியானவர்களில் சிலருக்கு வாழைப்பழம், பப்பாசி, ஆனைக்கொய்யாவும் ஒத்துவராது. மூச்சு இழுத்தால், முகம் வீங்கினால் உடனே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும்.

ஆனால் எல்லாக் கடியும் ரப்பரால் வருவதில்லை. உறையில் பூசிய மருந்தாலும் வரலாம், மெய்யாகவே தொற்றும் இருக்கலாம். ஆகவே நீங்களே முடிவு கட்டாமல் டொக்டரிடம் காட்டுங்கோ.

ரப்பர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வழி உண்டு. செப்பு லூப் ஒருமுறை போட்டால் பத்து வருசம் வரை இருக்கும். ஊசி மூன்று மாதத்துக்கு ஒருக்கா. கையில் வைக்கிற குச்சியும் உண்டு. குளிசை தினமும் தவறாமல் போட வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் பால் கொடுக்கிற தாய்மாரும் கேட்காமல் போடக்கூடாது. இவை அரசாங்க கிளினிக்கில் கிடைக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இவை பிள்ளை தங்காமல் தடுக்குமே தவிர, எயிட்ஸ் போன்ற நோயைத் தடுக்கா. அதற்கு உறைதான் வேண்டும். ரப்பர் பால் இல்லாத பொலியூரித்தேன் உறைகளும் இருக்கின்றன; கிடைக்குமா என்று மருந்துக்கடையில் கேளுங்கோ.

பிரசவத்துக்கோ, பல்லுப் பிடுங்கவோ போனால், "எனக்கு ரப்பர் ஒத்துக்கொள்ளாது" எண்டு முதலே சொல்லுங்கோ. அவர்கள் வேறு கையுறை போடுவார்கள்.

எந்த முறை என்பதை நீங்களும் வீட்டுக்காரரும் பேசி முடிவெடுங்கோ. விளங்காமல் எதற்கும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

அந்தத் தாய் பிரசவத்துக்குப் பிறகு லூப் போட்டாள். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வந்தது அவளுடைய புருசன்தான்.