அமெரிக்க அரசியலும் நம் பால் மங்கும்

(அலோர் ஸ்டாரில் கூடிய சங்கத் தோழர்கள் முன் நிகழ்த்திய பேச்சு)



ஞாயிற்றுக்கிழமை காப்பிக் கடையில் நம்மவர் பேசுவதைக் கேட்டால், நம் தோட்டம் கெடாவில் இருக்கிறதா, வாஷிங்டனில் இருக்கிறதா என்ற சந்தேகமே வந்துவிடும். "டிரம்ப் தன் நாட்டுக்காரனுக்கு வேலை தேடிக் கொடுக்கிறான். அதில் என்ன தப்பு?" என்று ஒருவர் கேட்கிறார். "உலகத்துக்கெல்லாம் வரி போட்டால் கடைசியில் சாமான் விலை ஏறி அவன் ஜனங்கள்தானே அழவேண்டும்?" என்று அடுத்த மேசையிலிருந்து பதில் வருகிறது. போன தடவை இந்த வாதம் முற்றி இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அப்போது முப்பது வருஷமாக மரம் சீவும் பெரியவர் ஒருவர் கோப்பையை வைத்துவிட்டு, "எவன் ஜெயித்தால் என்னப்பா, நாளைக்குக் காலையில் பெரட்டு நிற்கவா போகிறது?" என்றார். கடையே சிரித்தது. நாமும் சிரித்தோம்.

பெரட்டு நிற்காது, வாஸ்தவம். ஆனால் பெரட்டில் நிற்பவனுக்கு என்ன கூலி என்பதை நிர்ணயித்ததில் அமெரிக்காவுக்குப் பலமுறை பங்கு உண்டு. பெரியவர் மன்னிக்க வேண்டும், அதைச் சொல்லத்தான் இன்று வந்தோம்.

பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயர் அது. தோட்டமும் ஒரு காலத்தில் அமெரிக்க ரப்பர் கம்பெனியின் கையில் இருந்ததுதான். 1947ல் கள்ளுக்கடையை எதிர்த்துத் தொண்டர் படை திரண்ட வரலாற்றைச் சொல்பவர்கள் அந்தத் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் போக முடியாது. ஆகையால் அமெரிக்கா நமக்குத் தூரத்து தேசம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

நம் பாட்டன்மார் காலத்திலிருந்தே பார்ப்போம். 1922ல் வெள்ளைக்காரன் ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையைத் தூக்கினான். அமெரிக்கா கொதித்தது. ஃபயர்ஸ்டோன் லைபீரியாவிலும், ஃபோர்டு பிரேசில் காட்டிலும் சொந்தமாக ரப்பர் நடப் போனார்கள். 1929ல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அங்கே கார் வாங்க ஆளில்லை, காருக்கு டயர் வேண்டியதில்லை, டயருக்கு ரப்பர் வேண்டியதில்லை. 1932ல் ஒரு ராத்தல் ரப்பர் சில காசுக்கு வந்து நின்றது. கூலியை வெட்டினார்கள். 1930 முதல் 1932 வரை மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான நம்மவரைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். மரம் சீவத் தெரியாதவர்களா அவர்கள்? வேலையில் ஒரு குறையும் இல்லை. சாப்பாடு போட மனமில்லாமல் அனுப்பினார்கள்.

அடுத்தது கொரியா யுத்தம். 1949ல் ரப்பர் சராசரி விலை ராத்தலுக்கு 40 காசுக்கும் கீழே. 1950 ஜூனில் யுத்தம் மூண்டது. அமெரிக்க சர்க்கார் கையிருப்புக்கென்று ரப்பரை வாங்கிக் குவித்தது. 1951 தொடக்கத்தில் ராத்தல் 2 வெள்ளியைத் தாண்டியது! கூலியும் ஏறியது, இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் கைக்கு வந்தது எவ்வளவு, கம்பெனி ஈவுத்தொகைக்குப் போனது எவ்வளவு என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1953ல் விலை 70 காசு வாக்கில் விழுந்தது. ஏறும்போது மெதுவாக ஏறிய கூலி, இறங்கும்போது ஓட்டமாக இறங்கியது. சிதறிக் கிடந்த சங்கங்கள் 1954ல் ஒன்றுகூடித் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கமாக, பி. பி. நாராயணன் பொதுச் செயலாளராக எழுந்ததற்கு இந்த அடியும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம்.

கதை அதோடு முடியவில்லை. வாங்கிக் குவித்த அதே ரப்பரை 1959 முதல் அமெரிக்கா சந்தையில் விற்கத் தொடங்கியது. செயற்கை ரப்பர் ஒருபுறம், பழைய கையிருப்பு மறுபுறம், நடுவில் நம் பால் மங்கு! இந்த அலோர் ஸ்டார் மண்ணில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான் அப்போது பிரதமர். அவருடைய சர்க்கார் கம்யூனிஸ்டு எதிர்ப்பில் அமெரிக்காவுக்கு உற்ற நண்பன். அப்படியிருந்தும் இந்த விற்பனையை ஆட்சேபித்து முறையிட வேண்டியதாயிற்று. 1966 அக்டோபரில் அதிபர் ஜான்சன் கோலாலம்பூருக்கு வந்தார். நெகிரி செம்பிலானில் லாபு பக்கத்து நிலக்குடியேற்றத்தைப் பார்வையிட்டார், அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். மரியாதையில் குறைவில்லை. ஆனால் மறு வருஷம், 1967ல், ரப்பர் விலை 1949க்குப் பிறகு காணாத அளவுக்குக் கீழே போனது.

இப்போது காப்பிக் கடை வாதத்துக்கு வருவோம். 2025 ஏப்ரலில் மலேசியச் சரக்குக்கு 24 விழுக்காடு வரி என்றார் டிரம்ப். ஜூலையில் 25 என்று கடிதம் வந்தது. ஆகஸ்டில் 19 ஆயிற்று. மீன் சந்தையில்கூட இத்தனை தரம் விலை மாறாது! அதே நேரத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். சீனாவின் மருத்துவக் கையுறைக்கு 2025ல் 50, 2026ல் 100 விழுக்காடு வரி என்று அவருக்கு முன் இருந்த பைடன் அரசு 2024லேயே முடிவு செய்திருந்தது. கூலிம் பக்கம் கையுறை ஆலையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைக்கு அது நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம். ஆக, இந்தக் கட்சி நமக்கு நண்பன், அந்தக் கட்சி விரோதி என்று மேசையைத் தட்டிப் பேச இடமில்லை. இருவரும் தங்கள் ஓட்டைப் பார்த்து வரி போடுகிறார்கள். அதில் நமக்கு ஓட்டு இல்லை.

"அமெரிக்காவில் தொழிலாளி ராஜா மாதிரி வாழ்கிறான்" என்று ஒரு இளைஞர் அன்று சொன்னார். தம்பி, கொஞ்சம் கேளும். ரூஸ்வெல்ட் காலத்தில், 1938ல், மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் போட்டார்கள். யாருக்கு? பண்ணையில் பாடுபடுகிறவனுக்கு இல்லை! தெற்கே பருத்திக் காட்டில் முதுகொடிந்த கறுப்பு மக்களும், கலிபோர்னியாவில் பழம் பறித்தவர்களும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சட்டம் எட்டியது 1966ல்தான். அதற்கு முந்தின வருஷம் டெலானோவில் திராட்சை பறிக்கும் பிலிப்பினோ தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சீசர் சாவேஸின் தலைமையில் மெக்சிகோ வம்சத்தவரும் சேர்ந்தார்கள். முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட 1970 ஆயிற்று. ஐந்து வருஷம்! நம் லயத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009ல் மணிக்கு 7 டாலர் 25 சென்ட் ஆனது. 2025 முடியும்வரை அது அசையவில்லை. பல மாநிலங்கள் தாமாக உயர்த்திக்கொண்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே 2013ல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று தொடங்கி, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி வரை வந்திருக்கிறது. போதுமா என்பது வேறு பேச்சு. நாம் கேட்பது இதுதான்: ரப்பர் விலை ஏறும்போது வரும் விலைப்படி அந்த 1,700க்கு மேலே வருகிறதா, அல்லது படியையும் உள்ளே போட்டு 1,700 ஆகிவிட்டது என்று கணக்குக் காட்டப்படுகிறதா?

இதில் நம்மவருக்குள்ளேயே இரண்டு கட்சி. "கூலியை விலையோடு கட்டினால்தான் 1951 மாதிரி ஒரு காலம் வந்தால் நமக்கும் கிடைக்கும்" என்பவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டோம், ஆசை நியாயமானது. ஆனால் விலையை ஆட்டுகிற கயிறு நம் கையிலும் இல்லை, தோட்டத்துத் துரை கையிலும் இல்லை. அடிப்படைச் சம்பளம் எதற்கும் அசையாமல் நிற்க வேண்டும், விலைப்படி அதற்கு மேல் தனியாக வரவேண்டும் என்பது எங்கள் கட்சி. இலையுதிர் காலத்தில் பால் சுண்டும்போதும், மழை பிடித்து வெட்டு இல்லாதபோதும் அரிசிக் கடைக்காரர் நமக்காகக் காத்திருப்பதில்லையே!

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஆறு மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டு வாருங்கள். கிழித்துப் போட்டவர்கள் பால் நிறுத்த கணக்கையாவது எழுதிக்கொண்டு வாருங்கள். கிராணி நண்பர்கள் அதே ஆறு மாதத்து ரப்பர் விலையைத் தாளில் எழுதி வந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்துவிடலாம். அந்தக் காப்பிக் கடைப் பெரியவரையும் கையோடு அழைத்து வாருங்கள். அவருடைய சீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.